விதை உரிமை முதலில், பணம் பிறகு

1948-இல் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கிழக்குத் துருக்கியில் ஒரு வயலிலிருந்து கோதுமை மாதிரி ஒன்றைச் சேகரித்தார். பார்ப்பதற்கு மிக மோசமான கோதுமை அது. தண்டு மெலிந்து உயர்ந்து சாய்ந்துவிடும், குளிரைத் தாங்காது, இலைத்துருவுக்கு எளிதில் இரையாகும், அதன் மாவில் நல்ல ரொட்டியும் வராது. பி.ஐ. 178383 என்ற எண்ணோடு அது சேமிப்புக் கிடங்குக்குப் போனது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1960-களில் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் மஞ்சள் துரு நோய் பரவியபோதுதான் அதை எடுத்துச் சோதித்தார்கள். மஞ்சள் துருவின் 4 வகைகளையும், கரிப்பூட்டை நோயின் 35 வகைகளையும், குட்டைக் கரிப்பூட்டையின் 10 வகைகளையும் அது தாங்கி நின்றது. அதன் பிறகு அந்தப் பகுதியின் கோதுமை ரகங்கள் பலவற்றுக்கு அது மூதாதை ஆயிற்று.

இந்தச் செய்தி வேளாண் அறிவியல் நூல்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. சேகரித்தவரின் பெயர் வருகிறது, மாதிரியின் எண் வருகிறது, காப்பாற்றப்பட்ட விளைச்சலின் மதிப்பும் வருகிறது. அந்தக் கோதுமையைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, அறுத்து, தேர்ந்து, மீண்டும் விதைத்தவர்கள் மட்டும் வருவதில்லை. கலிபோர்னியாவின் பார்லிப் பயிரை மஞ்சள் குட்டை நச்சுயிரியிலிருந்து காத்த எதிர்ப்புத் திறன் எத்தியோப்பிய விவசாயிகளின் பார்லியிலிருந்து வந்தது என்ற வரலாறும் இப்படித்தான் சொல்லப்படுகிறது.

இவற்றை வாசிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, அந்த விவசாயிகளுக்கும் இலாபத்தில் ஒரு பங்கு சேர வேண்டும் என்பதே. எனக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் விதை உரிமை குறித்த சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவரும்போது, ‘பலன் பகிர்வு’ என்ற பெயரில் நாம் பணத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு, பணத்துக்கு முன்பாக வர வேண்டிய ஒன்றை மெல்ல இழந்துவருகிறோம் என்ற கவலை எனக்கு வலுத்திருக்கிறது. தான் விளைவித்ததில் விதை எடுத்துவைக்கவும், அடுத்த பருவத்தில் விதைக்கவும், அண்டை வயலாரோடு மாற்றிக்கொள்ளவும், மிஞ்சியதை விற்கவும் ஒரு சிறு விவசாயிக்கு உள்ள உரிமையே அந்த முதற்பொருள். அதைப் பறித்துக்கொண்டு தரப்படும் எந்தத் தொகையும் பகிர்வு ஆகாது. அது இழப்பீடு மட்டுமே.

சிறு விவசாயிகள் உண்மையில் எங்கிருந்து விதை பெறுகிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் இது விளங்கும். ஆப்பிரிக்க நாடுகள் ஐந்திலும் ஹைதியிலும் எடுக்கப்பட்டு 2016-இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று, அவர்கள் பயன்படுத்தும் விதையில் 90 விழுக்காடு முறைசாரா வழிகளில் வருவதாகக் கண்டது. அதிலும் 51 விழுக்காடு உள்ளூர்ச் சந்தைகளிலிருந்து வந்தது. சொந்தக் குதிர், உறவினர் வீடு, பக்கத்து ஊர்ச் சந்தை ஆகியவைதான் விதையின் உண்மையான நிறுவனங்கள். சான்று பெற்ற விதையும் நிறுவனங்களின் வீரிய ஒட்டு விதையும் எஞ்சிய சிறு பகுதியே. அப்படியிருந்தும், விதை குறித்து எழுதப்படும் சட்டங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு பகுதியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மீதி முழுவதும் ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய குறைபாடாகவே கருதப்படுகிறது.

இதில் இன்னொரு உண்மையும் அடங்கியிருக்கிறது. விதை கைமாறுவது வெறும் வினியோகம் அன்று. ரகங்கள் உருவாவதே அதன் வழியாகத்தான். ஒரே வயலில் ஒரே விதையை ஆண்டுக்கணக்கில் விதைப்பவர் பிற ஊர்களிலிருந்து புது விதை வாங்கிக் கலக்கிறார், தன் மண்ணுக்குப் பொருந்தாதவற்றை நீக்குகிறார், வறட்சியில் தப்பிய கதிர்களைத் தனியே எடுத்துவைக்கிறார். இந்தத் தேர்வைப் பல சமூகங்களில் பெண்களே செய்கிறார்கள் என்பதையும், நிலப்பட்டாவில் பெயர் இல்லாத காரணத்தால் ‘விவசாயி’ என்ற கணக்கில் அவர்களே விடுபட்டுப் போகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பி.ஐ. 178383-க்கு நோய் தாங்கும் திறன் வந்தது இத்தகைய இடையறாத புழக்கத்தால்தான். புழக்கத்தை நிறுத்திவிட்டால், அடுத்த நோய் வரும்போது தேடிப் போக வேறொரு வயல் இருக்காது.

புழக்கம் எப்படிக் குற்றமாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. புதிய பயிர் ரகங்களை உருவாக்குபவர்களுக்குத் தனியுரிமை வழங்கும் சர்வதேச ஒப்பந்தம் 1961-இல் பாரிஸில் உருவானது. அதை நிர்வகிக்கும் அமைப்பு ‘யூபோவ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ரகம் தனித்தன்மையும் சீர்மையும் நிலைத்தன்மையும் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. விவசாயிகளின் பாரம்பரிய ரகங்கள் இந்த நிபந்தனையிலேயே வெளியே தள்ளப்படுகின்றன. ஏனெனில் உள்ளுக்குள் பன்மை இருப்பதுதான் அவற்றின் வலிமை. 1978-ஆம் ஆண்டு வடிவம் வரை, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைத் தன் வயலுக்காக எடுத்துவைப்பதை அந்த ஒப்பந்தம் பெரிதாகத் தடுக்கவில்லை. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் நிலைமையை மாற்றியது. எடுத்துவைத்த விதையை மீண்டும் சொந்த நிலத்தில் விதைப்பது, நாடுகள் விரும்பினால் ‘நியாயமான வரம்புக்குள்’ அளிக்கக்கூடிய விலக்கு ஆயிற்று. அதிலும் ரகத்தை உருவாக்கியவரின் நலன் பாதுகாக்கப்பட வேண்டும். பிறரோடு மாற்றிக்கொள்வதற்கும் விற்பதற்கும் அந்த விலக்கு இடம் தரவில்லை. ஆண்டாண்டுக் காலமாக வழக்கமாக இருந்தது, கேட்டுப் பெற வேண்டிய சலுகையாகச் சுருங்கியது.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1991 வடிவத்தை எந்த நாட்டின் மீதும் திணிக்கவில்லை. பயிர் ரகங்களைக் காக்கக் காப்புரிமையோ, ஏதேனும் ஒரு பயனுள்ள தனிச்சட்ட முறையோ, இரண்டும் சேர்ந்தோ வேண்டும் என்றுதான் அதன் 27.3(பி) பிரிவு கேட்கிறது. அது என்ன முறை என்பதை நாடுகளே தீர்மானித்துக்கொள்ளலாம். பின்னர் இருநாட்டு வணிக ஒப்பந்தங்களின் வழியாகத்தான் 1991 வடிவம் வளரும் நாடுகள் பலவற்றுக்கு வந்து சேர்ந்தது. சந்தை வாய்ப்பு வேண்டுமென்றால் இந்தச் சட்டத்தையும் இயற்று என்ற அந்தப் பேரத்தில் சிறு விவசாயிகளின் பிரதிநிதி யாரும் உட்காரவில்லை.

இந்த அழுத்தத்துக்கு எல்லா நாடுகளும் பணிந்துவிடவில்லை. குவாத்தமாலாவில் 2014-இல் நிறைவேற்றப்பட்ட ரகப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் எதிர்ப்பால் அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. ஹோண்டுராஸில் அத்தகைய சட்டத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. வளர்ந்த நாடான நார்வேயும் 1991 வடிவத்தை ஏற்காமல் 1978 வடிவத்திலேயே நிற்கிறது. ஆகவே, இதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்பவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை.

வேறு வழிக்கு இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்க சான்று. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் என்ற அதன் பெயரிலேயே இரு தரப்பும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று அதன் 39-ஆம் பிரிவு கூறுகிறது. வணிகப் பெயரும் முத்திரையும் இட்ட விதையாக விற்கக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. விற்கப்பட்ட விதை, விற்றவர் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கோரவும் அதே பிரிவில் வழி உண்டு. ரகத்தை உருவாக்கியவரின் உரிமையும் இதில் மறுக்கப்படவில்லை. வணிகப் போட்டியாளர் அந்த ரகத்தை எடுத்து விற்றால் சட்டம் ரகத்தை உருவாக்கியவர் பக்கம் நிற்கும். ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் உழைப்பவருக்கு வருவாய் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அந்த வருவாயை வணிகப் போட்டியாளரிடமிருந்து காத்துக்கொள்ளட்டும், சிறு விவசாயியின் குதிரிலிருந்து அன்று என்பதே இந்தச் சட்டத்தின் தெளிவு.

சட்டத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்பதையும் இந்தியாவே காட்டியது. 2019-இல் குஜராத்தின் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது, தான் பதிவு செய்திருந்த எஃப்.எல். 2027 என்ற ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகப் பெப்சிகோ வழக்குத் தொடுத்தது. அவர்களில் நால்வரிடம் தலைக்கு 1 கோடி ரூபாய்க்கும் மேல் கோரப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களில் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ரகத்தின் பதிவு 2021 இறுதியில் ரத்து செய்யப்பட்டு, 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பால் மீண்டும் உயிர்பெற்றது என்பது தனிக் கதை. என் மனத்தைத் தைப்பது வேறு. சில ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒருவர் கைக்கு அத்தனை பெரிய தொகை குறித்த நீதிமன்ற ஆணை வரும்போது, 39-ஆம் பிரிவு தன் பக்கம் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அதை நிறுவ வழக்கறிஞருக்கு யார் செலவு செய்வது? உரிமையை எழுதும் சட்டம், அதைக் காத்துக்கொள்ளும் செலவையும் விவசாயியின் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும்.

தனியுரிமைச் சட்டங்கள் ஒருபுறமிருக்க, விதைத் தரச் சட்டங்களும் இதே திசையில் செயல்படுவது உண்டு. பதிவு செய்யப்படாத, சான்று பெறாத விதையை விற்பது குற்றம் என்று எழுதிவிட்டால், சந்தையில் கூடை வைத்து விதை விற்கும் பெண்ணும் போலி விதை விற்கும் மோசடிக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிடுகிறார்கள். முளைக்காத விதையால் ஒரு பருவத்தையே இழந்த குடும்பங்கள் எங்கும் உண்டு. தரக் கட்டுப்பாடு தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போலி விதை பெரும்பாலும் முகம் தெரியாத வணிகத்தில்தான் செழிக்கிறது. தெரிந்தவரிடம் வாங்கும் விதைக்கு அவருடைய பெயரே உத்தரவாதம். சான்றுக்கும் சான்றின்மைக்கும் இடைப்பட்ட வழியும் இருக்கிறது. ‘தரம் அறிவிக்கப்பட்ட விதை’ என்ற முறையை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1993-லேயே வகுத்துத் தந்தது. உற்பத்தி செய்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்பார். அதிகாரிகள் ஒரு பகுதியை மட்டும் சோதிப்பார்கள். சிறு உற்பத்தியாளர்களுக்கு எட்டக்கூடிய முறை அது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். 1992-இன் உயிரியல் பன்மைய உடன்படிக்கை, விதை போன்ற மரபு வளங்கள் மீது நாடுகளுக்கு இறையாண்மை உண்டு என்று அறிவித்தது. 2010-இன் நகோயா நெறிமுறை அதற்கான விதிகளை விரித்தது. வளத்தைத் தருபவரும் பெறுபவரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வரும் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அமைப்பு. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த அமைப்பு பயிர் விதைகளில் எவ்வளவு எளிதாக முறிந்துபோகும் என்பதற்கு எத்தியோப்பியாவின் டெஃப் தானியம் சான்று. 2005-இல் எத்தியோப்பிய அரசு நிறுவனங்கள் ஒரு டச்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தன. பலன் பகிர்வுக்கு முன்மாதிரி என்று அது அப்போது புகழப்பட்டது. அந்த நிறுவனம் டெஃப் மாவு தொடர்பாக ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றது. 2009-இல் திவால் ஆனது. ஒப்பந்தம் செயலற்றுப் போயிற்று. எத்தியோப்பியாவுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். காப்புரிமையோ தொடர்ந்து வேறு கைகளில் இருந்தது. 2018-இல் ஹேக் நகர நீதிமன்றம் அதை நெதர்லாந்தில் செல்லாது என்று அறிவித்தது; அதுவும் எத்தியோப்பியா தொடுத்த வழக்கில் அன்று, நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கில்.

மஞ்சள் நிற மெக்சிகோ அவரையின் வரலாறு இன்னும் கசப்பானது. மெக்சிகோவில் வாங்கிய அவரைப் பொட்டலத்திலிருந்து தேர்ந்தெடுத்ததாகச் சொல்லி அமெரிக்கர் ஒருவர் 1999-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்சிகோவிலிருந்து மஞ்சள் அவரை இறக்குமதி செய்தவர்களிடம் அதைக் காட்டி உரிமைத்தொகை கோரினார். சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் 2000-இல் ஆட்சேபம் எழுப்பியது. காப்புரிமை இறுதியாகச் செல்லாதென உறுதியானது 2009-இல். காப்புரிமையின் ஆயுளில் பாதி கழிந்துவிட்டது. அதுவரை ஏற்றுமதியை நம்பியிருந்த மெக்சிகோ விவசாயிகள் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இந்த இருவழி ஒப்பந்த முறையின் குறையை உணர்ந்துதான் 2001-இல் உணவு மற்றும் வேளாண்மைக்கான பயிர் மரபு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவனப் பயிர்கள் உட்பட 64 பயிர்கள் ஒரு பொதுத் தொகுப்பாக வைக்கப்பட்டன. யாரும் எடுத்து ஆராயலாம்; ஒரே மாதிரியான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும். பலன் ஒரு பொது நிதியில் சேர்ந்து, உலகின் சிறு விவசாயிகளுக்குப் போகும். எந்த வயல், எந்த ஊர் என்று தேடவேண்டியதில்லை. கிழக்குத் துருக்கியின் கோதுமை போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைக்க முடியவில்லை.

ஆனால் நிபந்தனையை வாசித்தால் மனம் சோர்கிறது. அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்த வளத்தைக் கொண்டு உருவாக்கிய ரகத்தைப் பிறர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த முடியாதபடி தடுத்தால் மட்டுமே கட்டணம் கட்டாயம்: விற்பனையில் 1.1 விழுக்காடு, அதிலும் 30 விழுக்காடு கழிவு. தடுக்காவிட்டால் கட்டணம் விருப்பத்தைப் பொறுத்தது. ரக உரிமை பெற்றவர் பொதுவாக ஆராய்ச்சியைத் தடுப்பதில்லை. ஆகவே அவர் தர வேண்டியதில்லை. புது ரகம் சந்தைக்கு வர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட காலத்துக்குள் எந்த வளம் எங்கே கலந்தது என்ற தடமும் மங்கிவிடும். விளைவு என்ன? ரகங்களின் விற்பனையிலிருந்து பயனாளர் ஒருவர் செலுத்திய முதல் தொகை 2018-இல்தான் வந்தது. அது ஏறத்தாழ 1.19 லட்சம் டாலர். நிதியத்தின் பெரும்பகுதி அரசுகள் விரும்பித் தந்த நன்கொடையே.

இதற்கு மாற்று, ஒரு சிறிய நாட்டின் நடைமுறையிலேயே இருக்கிறது. தன் நாட்டில் ஆண்டுதோறும் விற்கும் விதைகளின் மொத்த மதிப்பில் 0.1 விழுக்காட்டை அந்த நிதியத்துக்குத் தருவதாக நார்வே 2008-இல் அறிவித்துத் தந்துவருகிறது. எந்த மரபணு எந்த ரகத்தில் இருக்கிறது என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. விற்கப்படும் ஒவ்வொரு விதைக்குள்ளும் உலக விவசாயிகளின் உழைப்பு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, மொத்த விற்பனையில் ஒரு பங்கை எடுத்துவைப்பது அவ்வளவே. உலக விதைச் சந்தை ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டாலர் அளவில் இருப்பதாகக் கொண்டால், எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றினால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் சேரும். கட்டாயப் பங்களிப்பாக இதை ஆக்க 2013-இல் பேச்சு தொடங்கியது. 2019-இல் ரோமில் முறிந்தது. 2022-இல் புதுடெல்லியில் மீண்டும் எடுக்கப்பட்டது. ஒரு சில நிறுவனங்களே உலக விதை விற்பனையில் ஏறக்குறைய பாதியைக் கையில் வைத்திருக்கும் காலத்தில், ஆயிரத்தில் ஒரு பங்கைக் கேட்பதற்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்படுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

இதற்கிடையே விதையையே கையில் எடுக்காமல் அதன் பயனை எடுக்கும் வழியும் திறந்துவிட்டது. ஒரு ரகத்தின் மரபணு வரிசையைக் கணினியில் பதிந்து வைத்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் அதை வாசித்துப் பயன்படுத்தலாம். விதையைப் பெறும்போது போடும் கையெழுத்துக்கே அங்கு இடமில்லை. இதற்காக 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் ஒரு நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு தர வேண்டும் என்பது வழிகாட்டு அளவு; நிதியில் குறைந்தது பாதி, பழங்குடி மக்களும் உள்ளூர்ச் சமூகங்களும் தாங்களே சொல்லும் தேவைகளுக்குப் போக வேண்டும். எனினும் நிறுவனங்கள் மீது அதில் கட்டாயம் இல்லை. விருப்பத்துக்கு விட்ட முந்தைய ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைப் பார்த்த பிறகு, இதன் மீது பெரிய நம்பிக்கை வைக்க எனக்குத் துணிவில்லை.

பணமாக இல்லாத பலன்கள் சில நேரங்களில் கூடுதலாகச் செய்கின்றன. பெருவில் குஸ்கோவுக்கு அருகே, பிசாக் மலைப்பகுதிச் சமூகங்கள் சேர்ந்து ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ என்ற பெயரில் தங்கள் நிலங்களைக் கூட்டாகப் பேணுகின்றன. அவர்கள் 2004-இல் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு ஓர் உடன்பாடு செய்தார்கள். முன்பு அந்த மலைகளிலிருந்து சேகரிக்கப்பட்டு வயல்களில் மறைந்துபோயிருந்த ரகங்களை மையம் நோய் நீக்கித் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். 400-க்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படித் திரும்பின. மரபணு வங்கி விதையை உறைநிலையில் காக்கும். வயல் அதை மாறும் பருவத்தோடு சேர்த்து மாறவைக்கும். இரண்டுக்கும் இடையில் போக்கும் வரத்தும் இருப்பதுதான் முக்கியம். விவசாயிகளும் அறிவியலாளர்களும் ஒன்றாக அமர்ந்து ரகம் தேர்ந்தெடுக்கும் முறையால் நேபாளத்தில் பொக்கரேலி ஜேதோபுடோ என்ற பாரம்பரிய நெல் மேம்படுத்தப்பட்டு 2006-இல் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டதும் இதே வரிசையில் வருகிறது. இவற்றுக்கெல்லாம் பெரிய தொகை தேவையில்லை. ஆனால் விதையை எடுத்துவைக்கவும் கைமாற்றவும் சட்டம் இடம் தந்திருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத நாட்டில், திரும்பி வந்த ரகத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகக்கூட இயலாது.

2001-இன் உடன்படிக்கை தன் 9-ஆம் பிரிவில் உழவர் உரிமைகளை ஏற்கிறது. பாரம்பரிய அறிவின் பாதுகாப்பு, பலனில் நியாயமான பங்கு, தேசிய முடிவுகளில் பங்கேற்பு ஆகிய மூன்றையும் சொல்கிறது. ஆனால் நிறைவேற்றும் பொறுப்பை முழுவதும் தேசிய அரசுகளிடம் விட்டுவிடுகிறது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, 121 நாடுகளின் ஆதரவோடும் 8 நாடுகளின் எதிர்ப்போடும் நிறைவேற்றிய உழவர் உரிமைப் பிரகடனம் ஒரு படி மேலே போகிறது. விதைக்கான உரிமையை அதன் 19-ஆம் பிரிவு நேரடியாக அறிவிக்கிறது. அரசுகள் தங்கள் விதைக் கொள்கையும் ரகப் பாதுகாப்புச் சட்டங்களும் விவசாயிகளின் உரிமையை மதிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறது. பிரகடனத்துக்குச் சட்ட வலிமை இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ஒரு நாட்டின் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும்போது எடுத்துக்காட்ட அது ஓர் ஆதாரம்.

ஏட்டில் உள்ள மூன்று உரிமைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது முடிவுகளில் பங்கேற்பதுதான். விதைச் சட்டத்தின் வரைவு எழுதப்படும் அறையிலும், ரகப் பதிவுக் குழுவிலும், பலன் நிதியைச் செலவிடும் வாரியத்திலும் விதை எடுத்துவைக்கும் விவசாயிகள், அதிலும் பெண்கள், வாக்குரிமையோடு இருக்க வேண்டும். அடையாளத்துக்கு ஒருவரை அழைத்து, முடிவு எட்டிய பிறகு கையெழுத்து வாங்குவதைப் பங்கேற்பு என்று சொல்லக் கூடாது. வரைவு அவர்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும்; வேலை கெடாத பருவத்தில் கருத்துக் கேட்க வேண்டும்; வந்து போகும் செலவையும் இழந்த கூலியையும் அரசு தர வேண்டும். இப்போது பல நாடுகள் தங்கள் விதைச் சட்டங்களைத் திருத்திவருகின்றன. அந்த வரைவுகள் வெளியாகும்போது, சேமிப்பது, மாற்றிக்கொள்வது, விற்பது ஆகிய மூன்றும் உரிமை என்று எழுதப்பட்டிருக்கிறதா அல்லது விலக்கு என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். நிதியத்தைப் பற்றிய அத்தியாயத்தை அதன் பிறகுதான் திறப்பேன்.